ஆம், இல்லை, வேண்டாம்: டெபியன் நிறுவியின் உரையாடலில் வினாவும் விடையும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுதல் என்பது நிறுவிக்கும் பயனருக்கும் இடையே நிகழும் ஒரு வினா–விடை உரையாடலாகும். அவ்வுரையாடலின் தமிழ் வடிவம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கலைச்சொற்களின் அளவிலேயே நின்றுவிடுகிறது. இக்கட்டுரை டெபியன் நிறுவியைக் களமாகவும், நன்னூல் கூறும் வினா, விடை வகைகளை அளவுகோலாகவும் கொண்டு அவ்வுரையாடலை மதிப்பிடுகிறது. 'ஆம்', 'இல்லை' என்னும் விடைகள் வினாவின் வடிவத்தோடு பொருந்தாமை, 'தொடர்' என்னும் வினை இருவேறு பொருளில் ஆளப்படுதல், ஏவலின் திசை மயங்குதல் ஆகிய மூன்று குறைகள் சுட்டப்படுகின்றன. வன்வட்டில் உள்ளவற்றை அழிக்கவல்ல வினாவில் முதல் இரண்டும் ஒருங்கே கூடுகின்றன என்பதும், மென்பொருளில் மாற்றம் எதுவும் செய்யாமல் தொடரமைப்பை மாற்றுவதன்வழி இவற்றுள் பெரும்பகுதியைக் களையலாம் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், டெபியன், நிறுவி, தமிழாக்கம், வினா, விடை, நன்னூல், வியங்கோள், துணைவினை.

முன்னுரை

வினாவும் அதற்குரிய செப்பும் ஒன்றற்கொன்று வழுவாமல் அமைய வேண்டும் என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வலியுறுத்துகிறது. இருவர் நேர் நின்று பேசும்போது வினாவில் சிறிது வழு நேர்ந்தாலும் கேட்பவர் அதை உய்த்துணர்ந்து கொள்வார். ஐயம் இருப்பின் திருப்பிக் கேட்பார். வினவுவது ஓர் இயந்திரமாயின் அவ்வாய்ப்பு இல்லை. அது தன் வினாவை விளக்காது; பெற்ற விடையை ஐயுறாது; உடனே செயற்படுத்திவிடும்.

முனைவர்ப்பட்ட ஆய்வாளர் ஒருவர் தம் மடிக்கணினியில் டெபியனை நிறுவ முற்படுகிறார் எனக் கொள்வோம். அதே வன்வட்டில் அவர் தொகுத்த கள ஆய்வுப் பதிவுகளும் ஓலைச்சுவடிப் படங்களும் உள்ளன. வட்டைப் பிரித்து முடித்தபின், மாற்றங்களை வட்டில் எழுதலாமா என்று நிறுவி கேட்கிறது. திரையில் 'ஆம்', 'இல்லை' என இரு விடைகள் தெரிகின்றன. இந்த ஒரு வினாவைப் பிழையாக உணர்ந்தால் பதிவுகள் அழியலாம். அழிந்தவற்றை மீட்பது உறுதியன்று. ஒரு புதினத்தின் மொழிபெயர்ப்பில் தொடர் ஒன்று பிறழ்ந்தால் வாசகர் இழப்பது சுவையை. இங்கே இழப்பது பல்லாண்டு உழைப்பை. ஆகவே நிறுவியின் மொழியை ஓர் எழுத்துப் பனுவலாக எடுத்துத் திறனாய்வுக்கு உட்படுத்துவது தேவையாகிறது.

ஆய்வுக்களமும் அணுகுமுறையும்

யுனிக்ஸ் இயங்குதளம் 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. அதன் வழியில் அமைந்த லினக்ஸ் கெர்னலை 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். கெர்னலோடு பிற மென்பொருள்களையும் தொகுத்து வழங்கும் டெபியன் திட்டத்தை இயன் மர்டாக் 1993இல் அறிவித்தார். 2005இல் வெளிவந்த டெபியன் 3.1 பதிப்பில் புதிய நிறுவி இடம்பெற்றது. 2007இல் வந்த 4.0 பதிப்பில் அதற்கு வரைகலை வடிவம் கிடைத்தது.

யுனிக்ஸ் மரபு பேச்சைச் சுருக்கும் மரபாகும். ஏவிய கட்டளை செவ்வனே முடிந்தால் பெரும்பாலான நிரல்கள் ஒன்றும் சொல்வதில்லை. கோப்பை நீக்கும் கட்டளைகூட, பயனர் அவ்வாறு வேண்டினாலன்றி, பொதுவாக ஒப்புதல் கேட்பதில்லை. நிறுவி இம்மரபிலிருந்து விலகி, அடிக்கடி வினவும் இயல்புடையது. டெபியனில் இவ்வினாக்களை டெப்கான்ஃப் என்னும் அமைப்பு கையாளுகிறது. ஒவ்வொரு வினாவிற்கும் தாழ்வு, நடுத்தரம், உயர்வு, இன்றியமையாமை என்னும் நான்கு முன்னுரிமை நிலைகளுள் ஒன்று தரப்பட்டிருக்கும். இயல்பாக நிறுவும்போது உயர்வு நிலையும் அதற்கு மேற்பட்டதும் ஆகிய வினாக்களே திரைக்கு வரும். ஏனையவற்றிற்கு இயல்பிருப்பு விடையை நிறுவி தானே எடுத்துக்கொள்ளும். எனவே பயனர் காணும் வினாக்கள், அவருடைய முடிவு தேவைப்படுவன எனக் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்டவையாகும்.

இக்கட்டுரை நிறுவியின் ஆங்கில மூலத்தில் உள்ள வினாக்களின் பொருளை எடுத்துக்கொண்டு, அவற்றைத் தமிழில் அமைக்கக்கூடிய வாய்ப்புகளை ஒப்பிடுகிறது. இங்குக் காட்டப்படும் தமிழ்த் தொடர்கள் ஒப்பீட்டிற்காக அமைக்கப்பட்டவை; மொழிபெயர்ப்பாளர் எவருடைய தொடரையும் எடுத்துக்காட்டிக் குறைகாண்பன அல்ல. ஊதியம் கருதாது தன்னார்வலர் செய்த பணியாலேயே இந்நிறுவி தமிழ் பேசுகிறது என்பதை இவ்வாய்வு மறக்கவில்லை.

நன்னூல் வழியில் நிறுவியின் வினாக்கள்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுவியலில் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுக்கிறார். வினவுபவர் என்ன கருத்தோடு வினவுகிறார் என்பதே இப்பகுப்பின் அடிப்படை. இதனை நிறுவியின் வினாக்களோடு பொருத்திப் பார்க்கலாம்.

எம்மொழியில் நிறுவ வேண்டும், எந்நாட்டில் உள்ளீர் என்பன நிறுவிக்குத் தெரியாதவை. ஆதலின் அவை அறியாவினா. எந்தப் பணித்திரைச் சூழல் வேண்டும் எனக் கேட்பது, கொடுப்பதற்காகக் கேட்பதாகலின் கொடைவினா. கணினிக்கு ஒரு பெயர் தருமாறும், கடவுச்சொல் தருமாறும் வேண்டுவது பெறுவதற்காகக் கேட்பதாகலின் கொளல்வினாவோடு ஒத்தது. கணினியில் உள்ள வலையமைப்பு அட்டைகளைத் தானே கண்டறிந்த பின்னர், அவற்றுள் எதை முதன்மையாகக் கொள்வது எனக் கேட்பது ஐயவினா.

வட்டில் எழுதுவது பற்றிய வினா இவற்றுள் எதனுள்ளும் எளிதில் அடங்கவில்லை. நிறுவிக்கு அறியாமையும் இல்லை, ஐயமும் இல்லை. என்ன மாற்றம் நிகழப்போகிறது என்பதை அது முழுமையாக அறியும். பயனர் மனத்தில் ஐயத்தை எழுப்பி, அவரை ஒருகணம் நிறுத்துவதே அவ்வினாவின் நோக்கம். தெரிந்தே வினவுவதால் அது அறிவினாவை ஒக்கும். எனினும் ஆசிரியர் மாணவனின் அறிவைச் சோதிக்க வினவுவது போன்றதன்று. ஒப்புதல் பெறுவதற்காகக் கேட்கப்படுவதால் இதனை 'ஒப்புதல் வினா' எனத் தனியே குறிக்கலாம். மனிதர் உரையாடலில் இது புதியதன்று. மருத்துவர் அறுவைக்கு முன் வினவுவதும், பத்திரப்பதிவின்போது பதிவாளர் வினவுவதும் இவ்வகையே. இவ்வகை வினாவில் விடையின் சொல்வடிவம் ஐயத்திற்கு இடமின்றி இருத்தல் வேண்டும்.

விடை: 'இல்லை'யும் 'வேண்டாம்' என்பதும்

நன்னூல் விடையைச் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டாகக் கூறுகிறது. இவற்றுள் முதல் மூன்றும் நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. இயந்திரத்திற்குக் குறிப்பு புலப்படாது. ஆகவே ஒப்புதல் வினாவில் உடன்படும் நேர்விடைக்கும் மறுக்கும் மறைவிடைக்கும் மட்டுமே அது இடமளிக்கிறது.

ஆங்கிலத்தில் மறைவிடைக்கு ஒரே சொல் போதும். தமிழில் எதிர்மறை அவ்வாறு ஒற்றைச் சொல்லில் நிற்பதன்று. பொருளின் இன்மைக்கும் செயல் நிகழாமைக்கும் 'இல்லை', அன்மைக்கு 'அல்ல', விலக்கலுக்கு 'வேண்டாம்', தடைக்குக் 'கூடாது', இயலாமைக்கு 'முடியாது', தன் மறுப்பிற்கு 'மாட்டேன்' எனப் பல வடிவங்கள் உள்ளன. இவற்றுள் எது பொருந்தும் என்பதை வினாவின் வினைமுற்று உறுதிசெய்கிறது.

'மாற்றங்களை எழுதவா?' எனின் விடை 'எழுது' அல்லது 'வேண்டாம்'. 'எழுதலாமா?' எனின் 'எழுதலாம்' அல்லது 'வேண்டாம்'. தடுக்கும் உரிமையோடு சொல்பவர் 'கூடாது' என்பார். 'எழுத வேண்டுமா?' எனின் 'வேண்டும்' அல்லது 'வேண்டாம்'. 'எழுத ஒப்புகிறீர்களா?' எனின் 'ஆம்' அல்லது 'இல்லை'. இந்நான்கனுள் இறுதியாகக் கூறியதற்கு மட்டுமே 'இல்லை' இயல்பான விடையாகிறது. ஏனெனில் அது பயனரின் நிலை பற்றிய வினா. ஒப்பும் நிலை அவரிடம் உண்டா, இல்லையா என்பதே கேட்கப்படுகிறது. ஏனைய மூன்றும் ஒரு செயலை முன்வைத்து இசைவு கேட்பன. அவற்றிற்கு 'இல்லை' என்பது தமிழர் எவரும் வாயால் சொல்லாத விடை. வீட்டில் 'காப்பி போடவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்போமேயன்றி 'இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை.

டெப்கான்ஃப் அமைப்பில் உடன்பாட்டிற்கும் மறுப்பிற்கும் ஒரே இணைச் சொற்கள் எல்லா வினாக்களுக்கும் பொதுவாக வைக்கப்பட்டுள்ளன. வினாவிற்கேற்ப விடைச்சொல்லை மாற்றும் வசதி மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை. ஆங்கிலத்திற்கு இது குறையாகத் தோன்றவில்லை. தமிழுக்கு ஒவ்வொரு வினாவிலும் குறையாகிறது. விடையை மாற்ற முடியாதபோது, விடைக்கேற்ப வினாவை மாற்றுவதே வழி. எல்லா ஒப்புதல் வினாக்களையும் 'ஒப்புகிறீர்களா?', 'விரும்புகிறீர்களா?' என்னும் முற்றில் முடித்தால் 'ஆம்', 'இல்லை' என்பன இயல்பாகவே பொருந்திவிடும். இதற்கு நிரலில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

இருவினைத் தொடர்கள்

வட்டை எல்.வி.எம். முறையில் அமைக்க முற்படும்போது, மாற்றங்களை வட்டில் எழுதுவது, எல்.வி.எம். அமைப்பது ஆகிய இரு செயல்களை ஒரே வினாவில் அடக்கி நிறுவி கேட்கிறது. எழுதியபின் அம்மாற்றங்களைத் திரும்பப்பெற இயலாது என்னும் எச்சரிக்கையும் அதனோடு வருகிறது. ஆங்கிலத்தில் 'எழுதுக', 'அமைக்க' என்பன இணைப்புச் சொல்லால் சமநிலையில் நிற்கின்றன. தமிழில் முதல் வினை எச்சமாகிவிடும்: 'எழுதி அமைக்கவா?' இதற்கு மறுப்பாக 'எழுதி அமைக்க வேண்டாம்' என்றால், மறுப்பு இரு வினைகளையும் தழுவுகிறதா, 'அமைத்தல்' என்பதை மட்டும் தழுவுகிறதா என்னும் ஐயம் எழும். 'சமைத்துச் சாப்பிட வேண்டாம்' என்னும் தொடருக்கும் இவ்விரு பொருளும் உண்டு. எழுதுவதே மீள இயலாத செயலாதலின், மறுப்பு அதனைத் தழுவுகிறது என்பது ஐயமின்றித் தெரிதல் வேண்டும். 'எல்.வி.எம். அமைப்பதற்கு முன் மாற்றங்கள் வட்டில் எழுதப்பட்டாக வேண்டும். இவ்விரண்டிற்கும் ஒப்புகிறீர்களா?' என இரு தொடராகப் பிரித்தால் மயக்கம் நீங்கும்.

'ஆம்' என்பதன் திசை

நிறுவியின் வினாக்களை வரிசையாக நோக்கின் மற்றொரு குறையும் புலனாகும். வட்டில் எழுதும் வினாவிற்கு 'ஆம்' என்றால் நிறுவல் முன்னேறும். ஸ்வாப் பகுதி எதுவும் ஒதுக்கப்படாதபோது, வட்டுப் பிரிப்புப் பட்டியலுக்குத் திரும்ப விரும்புகிறீர்களா என நிறுவி கேட்கிறது. இங்கு 'ஆம்' என்றால் நிறுவல் பின்செல்லும். 'இல்லை' என்றால் முன்னேறும். ஒரே அமர்வில் அடுத்தடுத்துக் கேட்கப்படக்கூடிய இரு வினாக்களில் உடன்பாட்டுச் சொல்லின் திசை மாறிவிடுகிறது. இக்குறை மூலத்திலேயே உள்ளது. ஆயினும் தமிழில் வினாவின் இறுதியில் நிற்கும் வினைமுற்றே திசையைக் காட்டுவதால், அவ்வினையைத் தெளிவான சொல்லால் அமைப்பது மொழிபெயர்ப்பாளர் கையில் உள்ளது. 'திரும்பிச் செல்ல விரும்புகிறீர்களா?' என்பது தெளிவு. 'மீள்கிறீர்களா?' என்பது சுருக்கமாயினும் 'மீளுதல்' தப்பித்தலையும் குறிப்பதால் மயக்கம் தரும்.

'தொடர்' என்னும் வினை

மேற்கூறியவற்றினும் கடுமையான குறை ஒன்று வரைகலை வடிவத்தில் உள்ளது. எழுத்துவழி நிறுவியில் 'ஆம்', 'இல்லை' என்பனவே பொத்தான்கள். ஒன்றை அழுத்தியவுடன் விடை சென்றுவிடும். வரைகலை நிறுவியில் அவை தெரிவுகளாக மட்டும் நிற்கின்றன. ஒன்றைத் தெரிந்தபின், கீழே உள்ள 'தொடர்' என்னும் பொருளுடைய பொத்தானை அழுத்தினால்தான் விடை செல்லும்.

வட்டில் எழுதும் வினாவின்மேல் உள்ள விளக்கம், நீங்கள் தொடர்ந்தால் கீழ்க்காணும் மாற்றங்கள் வட்டில் எழுதப்படும், இல்லையேல் மேலும் மாற்றங்களை நீங்களே செய்யலாம் என்னும் பொருளுடையது. 'இல்லை' என்பதைத் தெரிந்த பயனர் அவ்விடையை அனுப்புவதற்கு அழுத்த வேண்டியதோ 'தொடர்' பொத்தானை! தொடர்ந்தால் எழுதப்படும் என்று விளக்கம் கூறுகிறது. எழுத வேண்டாம் என்று சொல்வதற்கும் தொடரத்தான் வேண்டியிருக்கிறது. விளக்கத்தில் வரும் 'தொடர்' உடன்பாட்டைக் குறிக்கிறது. பொத்தானில் உள்ள 'தொடர்' அடுத்த திரைக்குச் செல்வதை மட்டும் குறிக்கிறது. ஒரே திரையில், ஒரே சொல், ஒன்று மற்றொன்றை மறுக்கும் நிலையில் நிற்கிறது.

இவ்வினாவிற்கு இயல்பிருப்பு விடையாக மறுப்பே வைக்கப்பட்டிருப்பது ஒரு காப்பு. கவனமின்றித் 'தொடர்' அழுத்துபவர் வட்டுப் பிரிப்புப் பட்டியலுக்கே திரும்புவார், தரவு அழியாது. ஆனால் ஏன் திரும்பினோம் என்பது அவருக்கு விளங்காது. தொடர்ந்தால் எழுதப்படும் எனப் படித்துத் தொடர்ந்தவர், எழுதப்படாமல் பின்செல்வதைக் காண்கிறார். இரண்டாம் முறை அவர் 'ஆம்' என்பதைத் தெரிவு செய்வது வினாவை உணர்ந்தன்று. திரையைக் கடந்தாக வேண்டும் என்பதற்காகவே. காப்பு அமைத்தவரின் நோக்கம் அந்நொடியில் தோற்றுவிடுகிறது.

இம்முரண் தமிழ்ப் பயனருக்கு ஏன் தவிர்க்க இயலாததாகிறது என்பதையும் காண வேண்டும். லினக்ஸின் எழுத்துத் திரை அதிகம் போனால் 512 வடிவங்கள் கொண்ட எழுத்துருவையே ஏற்கும். ஒவ்வொரு குறியீட்டையும் ஒரு கட்டத்தில் வரிசையாக இடும். தமிழில் 'கொ' என எழுதும்போது உயிர்க்குறியின் பகுதிகள் மெய்யின் இருபுறமும் அமைய வேண்டும். 'கெ' என்பதில் ஒருங்குறி வரிசையில் பின்வரும் குறி முன்னே தோன்ற வேண்டும். இவ்வாறு வடிவங்களை இடம் மாற்றி இணைக்கும் ஆற்றல் எழுத்துத் திரைக்கு இல்லை. அதனால் டெபியனில் தமிழ், இந்தி, வங்காளம், மலையாளம் முதலிய மொழிகளில் நிறுவ விரும்புவோர் வரைகலை நிறுவியையே பயன்படுத்த வேண்டும். முரணற்ற எழுத்துவழித் திரை ஆங்கிலம் படிப்பவருக்கு ஒரு மாற்றாக உண்டு. தமிழில் படிப்பவருக்கு அம்மாற்று இல்லை.

இக்குறையையும் மொழிபெயர்ப்பிலேயே களையலாம். மூலத்தில் ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் ஒரே சொல் இருக்க வேண்டும் என்பதில்லை. பொத்தானுக்கு 'அடுத்த திரை' எனவும், விளக்கத்திற்கு 'நீங்கள் ஒப்பினால்' எனவும் இருவேறு சொற்களை ஆண்டால் முரண் மறையும். சொல்லுக்குச் சொல் சீர்மை பேணுவது கலைச்சொல்லில் நல்லது. பொதுவினையில் அதுவே தீங்காகலாம் என்பதற்கு இது சான்று.

எச்சரிக்கையும் துணைவினையும்

நன்னூலின் விடைவகைகளுள் 'உறுவது கூறல்' என்பது இனி நேரப்போவதைச் சொல்வது. 'உற்றதுரைத்தல்' என்பது நேர்ந்துவிட்டதைச் சொல்வது. நிறுவியின் எச்சரிக்கைகள் முன்னதன் பாற்படும். பிழைச்செய்திகள் பின்னதன் பாற்படும். நீக்கப்பட்ட வட்டுப்பகுதிகளிலும், வடிவமைக்கப்படவுள்ள வட்டுப்பகுதிகளிலும் உள்ள தரவு முழுவதையும் இது அழிக்கும் என்பது நிறுவியின் எச்சரிக்கைகளுள் ஒன்று.

இதில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, எழுவாய். 'இது அழிக்கும்' என அஃறிணைச் சுட்டை வினைமுதலாக்குவது ஆங்கிலத் தொடரின் சாயல். 'இதனால் அழியும்' என்பதே தமிழ் வழக்கு. இரண்டாவது, துணைவினை. 'அழியும்' என்பது நிகழ்வை மட்டும் கூறுகிறது. 'அழிந்துவிடும்' என்பதில் உள்ள 'விடு' அது முற்றுப்பெறும், மீளாது என்னும் பொருளையும் சேர்க்கிறது. எழுத்து நடை செறிவாக இருக்க வேண்டும் எனக் கருதித் துணைவினைகளை நீக்குவது மொழிபெயர்ப்பில் அடிக்கடி நிகழ்வது. எச்சரிக்கையில் துணைவினை அணியன்று, அதுவே எச்சரிக்கை. ஆங்கிலம் தனித்தொடரால் சொல்ல வேண்டிய மீளாமையைத் தமிழ் ஓர் அசைச்சொல் அளவில் சொல்லிவிடுகிறது. அவ்வசதியைக் கைவிடுவது இழப்பாகும்.

மூன்றாவது, சொல்வரிசை. ஆங்கில மூலத்தில் அழிவு பற்றிய வினை தொடரின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. தமிழில் இரு நீண்ட பெயரெச்சத் தொடர்களுக்குப் பின், இறுதியில்தான் வினை வரும். விரைந்து படிப்பவர் வட்டுப்பகுதிகளின் விவரத்தோடு நின்றுவிடக்கூடும். 'கவனிக்க: தரவு அழிந்துவிடும். நீக்கிய வட்டுப்பகுதிகளிலும், வடிவமைக்கப்படவுள்ள வட்டுப்பகுதிகளிலும் உள்ளவை எல்லாம் இதில் அடங்கும்' எனப் பிரித்தால் முதன்மைச் செய்தி முதலில் நிற்கும்.

ஏவலின் திசை

நிறுவியின் முதன்மைப் பட்டியலில் மொழியைத் தெரிதல், விசைப்பலகையை அமைத்தல், வட்டுகளைப் பிரித்தல், அடிப்படை அமைப்பை நிறுவுதல் முதலிய படிகள் ஆங்கிலத்தில் ஏவல் வடிவில் உள்ளன. இவை பயனர் இயந்திரத்தை ஏவுவன. உரையாடல் பெட்டிகளில் கடவுச்சொல்லை இடுமாறு வருவதும் ஏவல் வடிவமே. அது இயந்திரம் பயனரை வேண்டுவது. இரண்டையும் 'பிரிக்க', 'இடுக' என வியங்கோளாக்கினால், யார் யாரை ஏவுகிறார் என்பது மறைந்துவிடும். 'வட்டுகளைப் பிரிக்க' எனக் காணும் புதிய பயனர், தாமே ஏதோ ஒரு வகையில் பிரித்துவிட்டு வரவேண்டும் எனக் கருத இடமுண்டு. அத்துடன் 'பிரிக்க' என்பது வியங்கோளாகவும் 'பிரிப்பதற்கு' என்னும் எச்சமாகவும் நிற்கும்.

தமிழில் இதனைப் பிரித்துக் காட்ட எளிய வழி உண்டு. பயனர் தெரிவு செய்யும் படிகளைத் தொழிற்பெயரால் 'வட்டுகளைப் பிரித்தல்' எனவும், பயனரிடம் வேண்டுவனவற்றை மரியாதைப் பன்மையில் 'கடவுச்சொல்லை இடுங்கள்' எனவும் அமைக்கலாம். ஒரு திரையில் 'இடவும்', மற்றொன்றில் 'இடுக', பிறிதொன்றில் 'இடுங்கள்' என மாறிவருவதைத் தவிர்ப்பதும் வேண்டும். வினவுபவர் ஒருவரே என்பதைச் சீரான வடிவமே காட்டும்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு

தொடரமைப்பை முதன்மைப்படுத்துவதால் கலைச்சொற்களில் சிக்கல் இல்லை என்பது பொருளன்று. வட்டுப்பகுதியைக் குறிக்கத் தமிழ் லினக்ஸ் வழக்கில் இடம்பெற்ற 'பகிர்வு' என்னும் சொல் பிரித்தல் என்னும் பொருளில் பொருத்தமானதே. ஆயினும் சமூக ஊடகங்கள் பரவிய பின் 'பகிர்' என்பது பிறரோடு பகிர்ந்துகொள்ளுதலையே முதலில் நினைவூட்டுகிறது. இன்று 'வட்டைப் பகிர்' எனப் படிப்பவர், வட்டைப் பிறர் பயன்பாட்டிற்குத் திறந்துவிடுவதாக எண்ணக்கூடும். சொல் மாறவில்லை, அதைச் சுற்றிய வழக்கு மாறிவிட்டது. ஆகவே கலைச்சொற்களும் காலந்தோறும் மறுபார்வைக்கு உரியன. எனினும் புரியாத கலைச்சொல் பயனரை நிறுத்தி, அகராதியையோ நண்பரையோ நாடச் செய்யும். புரிந்ததுபோல் தோன்றும் பிழைத்தொடர் அவரை நிறுத்தாது. இடர் மிகுந்தது பின்னதே.

மறுப்புகளும் விளக்கமும்

நிறுவுதலை ஆங்கிலத்தில் செய்வோரே பலராதலின் இவ்வாய்வால் பயன் சிறிது எனக் கூறலாம். ஆங்கிலத்தை நாடுவோருள் சிலர், தமிழ்த் திரையை ஒருமுறை கண்டு நம்பிக்கை இழந்தவர்களாக இருக்கலாம் என்பதை நோக்க, காரணமும் விளைவும் இங்கு இடம் மாறி நிற்கின்றன எனத் தோன்றுகிறது. பொத்தான்களிலேயே வினையை எழுதும் முறை வேறு நிறுவிகளில் உண்டே எனவும் கூறலாம். பல லினக்ஸ் வழங்கல்களில் பயன்படும் கலமரேஸ் நிறுவி, இறுதி ஒப்புதலில் 'இப்போதே நிறுவு', 'பின்செல்' என்னும் பொருள்படும் பொத்தான்களை வைக்கிறது. அது சிறந்த முறையே. தமிழுக்கு மிகவும் இயைந்ததும்கூட. ஆனால் டெபியனின் பொது அமைப்பு மாறும்வரை தமிழ்ப் பயனர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரை வலியுறுத்துவது.

முடிவுரை

ஆய்வில் கண்ட முடிபுகள் வருமாறு:

1. நிறுவியின் மொழி வினா–விடை மொழியாகும். அதனை மதிப்பிடத் தனிச்சொற்களின் தூய்மையும் சீர்மையும் மட்டும் போதா. வினாவும் விடையும் பொருந்துவதே முதல் அளவுகோல்.

2. 'ஆம்', 'இல்லை' என்னும் பொதுவிடைகள் இசைவு கேட்கும் தமிழ் வினாக்களோடு பொருந்துவதில்லை. வினாவை 'ஒப்புகிறீர்களா?' என்னும் முற்றில் அமைப்பது இதற்குத் தீர்வு.

3. 'தொடர்' என்னும் வினையை எச்சரிக்கைக்கும் பொத்தானுக்கும் பொதுவாக ஆள்வது முரண் தருகிறது. வரைகலை வடிவமே தமிழுக்கு வாய்த்திருப்பதால் இதனை முதலில் திருத்த வேண்டும்.

4. எச்சரிக்கைகளில் 'விடு' முதலிய துணைவினைகளைப் பேணுதலும், விளைவை முதலில் கூறும் சிறுதொடர்களை ஆளுதலும் வேண்டும்.

5. பயனரின் ஏவலையும் இயந்திரத்தின் வேண்டுகோளையும் வெவ்வேறு வடிவால் காட்டுதல் வேண்டும்.

மென்பொருள் தமிழாக்கத்தைக் கணினித்துறையினரின் பணியாக மட்டும் கருதித் தமிழ்த்துறை விலகி நிற்கும் நிலை உண்டு. மேலே சுட்டிய குறைகளுள் எதையும் காண நிரலாக்க அறிவு தேவைப்படவில்லை. மாணவர் இளங்கலையிலேயே பயிலும் பொதுவியலும் கிளவியாக்கமும் போதுமாயின. மொழிபெயர்ப்புக் கோப்புகள் எவரும் பார்க்கவும் திருத்தம் முன்மொழியவும் திறந்தே உள்ளன. இலக்கணம் கற்பிக்கும் வகுப்பில் எண்வகை விடைக்கு எடுத்துக்காட்டு தேடும்போது, நிறுவியின் ஒரு திரையையும் மாணவர் முன் வைக்கலாம். அம்மாணவர் எழுதித்தரும் ஒரு திருத்தம், முகமறியா ஒருவரின் ஆய்வுப் பதிவுகளைக் காக்கக்கூடும்.